உடன்குடிப் பக்கத்து வேஷக்கடை: நீர்நாய்க்கு ஐந்து நட்சத்திரம், எமனுக்கு ஒன்று

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஒரு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்தான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கூகுள் மேப்பில் வராது. வரவும் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். அதனால் இங்கே கடைப் பெயரோ போன் நம்பரோ எழுதப்போவதில்லை. அந்தப் பக்கம் போய் "தசராவுக்கு வேஷச் சாமான் குடுக்கிற அண்ணாச்சி வீடு எது?" என்று கேட்டால், எந்த அண்ணாச்சி என்று திருப்பிக் கேட்பார்கள். கரடி அண்ணாச்சி என்று சொல்லுங்கள். ஷெட்டின் கூரையிலிருந்து கரடித் தலைகள் வரிசையாகத் தொங்குவதால் வந்த பெயர்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓவிய டீச்சர். ஆடி அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் தொடங்கி, விக்கிரமசிங்கபுரம் தெருக்கள் வழியாக அம்பை வரை, "ஆற்றில் துணி போடாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டு வேஷம் கட்டி நடப்பது என்று முடிவு செய்திருந்தோம். நாங்கள் என்றால், என்னிடம் படித்துவிட்டு இப்போது ஐடிஐயிலும் காலேஜிலும் இருக்கிற பிள்ளைகள், பீடி சுற்றுகிற அக்காமார் சிலர், ஒரு ரிட்டையர்டு போஸ்ட்மேன். சங்கம், பதிவெண், லெட்டர் பேடு எதுவும் கிடையாது. வாட்ஸப் குரூப் மட்டும் உண்டு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பாபநாசம், தாமிரபரணி பொதிகை மலையை விட்டு இறங்கிச் சமவெளியைத் தொடுகிற இடம். பாவம் போகும் என்று பெயரிலேயே இருப்பதால் தர்ப்பணம், பரிகாரம் என்று வருஷம் முழுக்கக் கூட்டம். முங்கி எழுந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்துப் பருத்தி வேட்டி மக்கிப் போயிருக்கும்; இப்போது வருவது பாலியஸ்டர் சேலை, ஜீன்ஸ், நைட்டி. பாறை இடுக்கில் சுற்றிக்கொள்ளும். மணலுக்குள் புதையும். குளிக்கிறவர் காலில் சிக்கும். டன் கணக்கில் அள்ளிப் போட்டும் தீரவில்லை. நோட்டீஸ் போர்டு இருக்கிறது, மைக்கில் அறிவிப்பும் உண்டு. அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே துணியை விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேஷம் வாடகைக்கு எடுக்க அம்பையிலோ நெல்லையிலோ கடை இல்லாமலா? ஆண்டு விழாவுக்கு நாங்கள் வழக்கமாக எடுக்கிற கடை ஒன்று உண்டு. அங்கே இருப்பதெல்லாம் போட்டோவுக்கான வேஷம். பின்பக்கம் வெல்க்ரோ ஒட்டிய சாட்டின் துணி, எலாஸ்டிக் வைத்த கிரீடம். மேடையில் ஏறி, ஒரு வசனம் சொல்லி, செல்பி எடுத்து இறங்குகிற வரைக்கும் தாங்கும். அந்த உடுப்போடு நாலு தெரு நடந்தால் அக்குளில் கிழியும், சாயம் கழுத்தில் இறங்கும்.

கரடி அண்ணாச்சியின் சரக்கு வேறு ஜாதி. அதற்குக் காரணம் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோவில் தசராவைப் பற்றித் தென்மாவட்டக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலில் குளித்து மாலை போட்டு, 41 நாள், 21 நாள் என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்கபடி விரதம் இருப்பார்கள். கொடியேறியதும் காப்புக் கட்டி, வேஷம் போட்டு, ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோவிலில் செலுத்துவார்கள். பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். காளி, கரடி, குரங்கு, ராஜா, டாக்டர், பிச்சைக்காரன் என்று கண்ணில் படுவதெல்லாம் வேஷம். ஊருக்கு ஊர் தசராக் குழு, மேளம், வேன். லட்சக்கணக்கான ஆள் கூடுகிற திருவிழா. இந்தக் கடையின் உடுப்பு அந்தக் கூட்டத்துக்காகத் தைத்தது. போட்டுக்கொண்டு நாள் கணக்கில் அலைய வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ் ஏற வேண்டும், யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார வேண்டும்.

அதனால்தான் போனதும் அண்ணாச்சி "என்ன வேஷம்?" என்று கேட்கவில்லை. "எம்புட்டு நேரம் போடணும்? ஆடணுமா, நடக்கணுமா? வீடு ஏறணுமா?" என்று கேட்டார். எந்த வேஷக்கடையிலும் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. கடைக்கு முதல் இரண்டு நட்சத்திரம் இதற்கே.

காலையிலிருந்து மத்தியானம் வரை, நடக்கணும், வீடு ஏறணும் என்றோம். "அப்போ எமனை எடுத்துட்டுப் போங்க டீச்சர். ரெடியா இருக்கு" என்றார்.

எமன் செட் அவரிடம் முழு பேக்கேஜ். கொம்பு வைத்த கிரீடம், கதாயுதம், பாசக்கயிறு, சித்திரகுப்தனுக்கு ஒரு தடி லெட்ஜர், எருமைத் தலை தனி வாடகை. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் எமனுக்குக் கிராக்கி பிய்த்துக்கொண்டு போகுமாம். ஹெல்மெட் போடாதவன் முன்னால் பாசக்கயிற்றை வீசுகிற எமனை எல்லோரும் சிக்னலில் பார்த்திருப்போம்.

எனக்கு எமன் வேண்டாம். பயமுறுத்துகிற வேஷத்துக்கு ஒரு நிமிஷ ஆயுசுதான். 2020 மார்ச்சில் சென்னையில் ஒரு இன்ஸ்பெக்டர் கொரோனா கிருமி மாதிரி முள் வைத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றது உலகம் முழுக்கச் செய்தியானது. அங்கே அது சரி. வண்டியில் போகிறவனை ஒரு நிமிஷம் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவன் எதிரே எமனை நிறுத்தினால் அடிதான் விழும். அதுவும் நியாயமான அடி.

கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1995-ல் மேயராக வந்த ஆன்டனஸ் மோக்கஸ் என்றொரு தத்துவப் பேராசிரியர் செய்ததை அண்ணாச்சிக்குச் சொன்னேன். போக்குவரத்து விதியை மீறுகிறவர்களை வழிக்குக் கொண்டுவர, முகத்தில் வெள்ளை பூசிய ஊமைக்கூத்து நடிகர்களைத் தெருவில் இறக்கினார். சீப்ரா கோட்டின் மேல் காரை நிறுத்தினால் அவர்கள் வந்து சைகையிலேயே கேலி செய்வார்கள், பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அபராதம் கட்டிவிட்டுப் போகிறவனுக்குக்கூட நாலு பேர் சிரித்தால் வெட்கம் வரும் என்று கணக்கு. அண்ணாச்சி யோசித்துவிட்டு, "அப்போ முத்துவெள்ளை நெறய செலவாகியிருக்கும்" என்றார். அவர் கவலை அவருக்கு.

அடுத்து காளியைக் காட்டினார். அவர் கடையின் பெருமையே காளி செட்தான். முதுகில் கட்டுகிற எட்டுக் கைகள், சடைமுடி, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், பல்லால் கவ்வுகிற ரப்பர் நாக்கு. தூக்கிப் பார்த்தேன், தோள் இறங்கிவிட்டது. இதையும் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணம். காளி வேஷம் கட்ட விரதம் இருப்பவர்கள் உண்டு; விழிப்புணர்வுக்கென்று ஒரு காலைக்கு அதை எடுத்து மாட்டுவது மரியாதை இல்லை. இன்னொன்று, நாக்கைக் கவ்வினால் பேச முடியாது. எங்களுக்குப் பேச்சுதான் முக்கியம். குறவன் குறத்தி செட் ஒரு மூலையில் மூட்டையாகக் கிடந்தது. அந்த ஆட்டத்துக்கு 2023-ல் அரசே தடை போட்டது. ஒரு சமூகத்தையே கேலிப்பொருளாக்குகிற வேஷம், மூட்டையிலேயே இருக்கட்டும். காக்கிச்சட்டையை அவரே எடுத்துக் காட்டவில்லை. "அது வம்பு" என்று முடித்துவிட்டார்.

எங்கள் மனதில் இருந்தது நீர்நாய். தாமிரபரணியில் நீர்நாய் உண்டு என்பது ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டமாகத் திரியும், மீன் பிடித்துத் தின்னும், வால் தட்டையாக இருக்கும், விரல்களுக்கு நடுவே சவ்வு. பார்த்தவுடனே பிடித்துப்போகிற முகம். போனில் படத்தைக் காட்டினேன். "நாயா? இது கீரிப்பிள்ளைக்கு அண்ணன்லா" என்றார். பிறகு இருபது நிமிஷம் பேசவே இல்லை. பழுப்பு நிறக் குரங்கு உடம்பு ஒன்றையும் சின்னக் கரடித் தலை ஒன்றையும் கீழே இறக்கினார். காதை மடித்துத் தைத்தார். மூக்கைத் தட்டையாக அமுக்கி உள்ளே கட்டுக்கம்பி கொடுத்தார். மீசைக்குத் தங்கூஸ் நரம்பு, அதாவது தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. வாலுக்குச் செருப்புக்கடை ரப்பர் ஷீட்டை வெட்டி, மேலே சாக்குத் துணி சுற்றினார். ஓவிய டீச்சராக நான் அதில் கைவைக்க எதுவும் இல்லை. கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வெளிர் நிறம் அடித்தேன், அவ்வளவுதான்.

உடுப்பின் உள்பக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். தலைக்குள் நெற்றிக்கு ஒரு துண்டு மடித்துத் தைத்திருக்கிறது, வேர்வை கண்ணில் வழியாது. தாடைக்குக் கீழே ஒரு திறப்பு. ஸ்ட்ரா விட்டு மோர் குடிக்கலாம், கூழும் குடிக்கலாம். பார்வை, விலங்கின் கண் வழியாக இல்லை, வாய் வழியாக. அதனால் காலடியில் இருக்கிற சாக்கடை தெரியும். உள்ளே பருத்தி லைனிங் தனியாகக் கழன்று வரும், வேறு ஆள் போடும்போது மாற்றிக்கொள்ளலாம், துவைக்கலாம். முக்கியமாக, ஒன்றுக்குப் போக வழி இருக்கிறது. இதை எழுதக் கூச்சப்படாதீர்கள் என்று குரூப்பில் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் பையன் ஒருவன் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த காற்றடைத்த டைனோசர் உடுப்பும் அன்றைக்கு வந்தது. பேட்டரியில் ஓடுகிற சின்ன ஃபேன் உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். 2025 அக்டோபரில், அமெரிக்காவின் போர்ட்லாண்டில் குடியேற்ற அதிகாரிகளின் அலுவலகத்துக்கு முன்னால் இதே மாதிரித் தவளை உடுப்போடு நின்று போராடியவர்களைப் பார்த்துத்தான் அவனுக்கு ஆசை. அது குளிர் ஊர். இங்கே பத்து மணிக்கெல்லாம் கண்ணாடிப் பக்கம் ஆவி படிந்து, ஃபேன் சத்தத்தில் எதிரே பேசுவது கேட்காமல், பையன் டைனோசரை விட்டு வெளியே வந்துவிட்டான். குழந்தைகளுக்கு என்னவோ டைனோசரைத்தான் பிடித்தது.

இன்னொரு வேஷம், ஆறு. பெண் வேஷத்துக்கு அண்ணாச்சி கொடுக்கிற நீளமுடியை மட்டும் வாங்கிக்கொண்டோம். மற்றது எங்கள் வேலை. ஆற்றிலிருந்து எடுத்த துணிகளை வெந்நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, ஒன்றோடு ஒன்று முடிந்து, தோளிலிருந்து பின்னால் தெருவில் இழுபடுகிற மாதிரி ஒரு முந்தானை. பீடி சுற்றுகிற அக்கா ஒருத்தி போட்டுக்கொண்டாள். முந்தானையின் கடைசியை இரண்டு பிள்ளைகள் தூக்கி வந்தார்கள், இல்லையென்றால் திருப்பத்தில் சைக்கிளில் மாட்டிவிடும். காய்ந்த பிறகும் நல்ல கனம். அந்தக் கனத்தோடு அவள் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சி கொடுத்ததிலேயே பெரிய விஷயம் வாடகைக் கணக்கில் வரவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிய பிறகு, "போய் என்ன கேப்பிய?" என்றார். துணி போடாதீங்கன்னு சொல்லுவோம் என்றேன். "சொல்லுதது இருக்கட்டும். என்ன கேப்பிய? வேஷம் போட்டவன் கேக்கணும்லா. கையை நீட்டணும். குலசையில கோடீஸ்வரனும் வேஷம் போட்டாத் தட்டை நீட்டுதான். குடுத்தவன்தான் அப்புறம் கோயில்ல வந்து நிப்பான். சொல்லிட்டுப் போறவன் மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்று ஒரு பெரிய காவி ஜோல்னாப் பையை எடுத்துக் கொடுத்தார். நீர்நாய் அதை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழந்துணி கேட்கட்டும் என்பது அவர் யோசனை. ஆற்றில் விட எடுத்து வைத்திருக்கிற துணி இருந்தால் என் பையில் போடுங்கள் என்று.

விழிப்புணர்வு ஊர்வலம் எத்தனையோ பார்த்தாயிற்று, நடத்தியும் இருக்கிறேன். பேனர், கோஷம், கடைசியில் டீயும் போண்டாவும். யாரிடமும் எதையும் கேட்காமல் சொல்லிக்கொண்டே போவதுதான் அவற்றின் கோளாறு என்று அந்தத் தகர ஷெட்டில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

நீர்நாய்க்குள் முதலில் இறங்கியவர் போஸ்ட்மேன் அண்ணன். முப்பது வருஷம் இதே தெருக்களில் தபாலும் மணியார்டரும் கொண்டு கொடுத்தவர். கொடுத்தே பழகின கை. யாரிடமும் ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். வேஷத்துக்குள் போனதும் வாசலில் நின்று, "ஆத்தா, ஆத்துக்குள்ள இருந்து வாறேன். வலை வலையாத் துணி கெடக்கு, மீன் பிடிக்க முடியல" என்று தொண்டையை மாற்றிப் பேசினார். மூன்றாவது வீட்டில், "போஸ்ட்மேன் சார்தானே?" என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வால் காட்டிக் கொடுக்கவில்லை, இருமல் காட்டிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் கூடிற்று. தெரிந்த மனுஷன் நீர்நாயாக வந்து நிற்கிறார் என்றால் யார் கதவைச் சாத்துவார்கள்?

ஒரு வீட்டில் ஒரு அம்மா உள்ளே போய் மடித்து வைத்த இரண்டு வேட்டியும் ஒரு சட்டையும் கொண்டுவந்து பையில் போட்டார். வீட்டுக்காரர் தவறி மூன்று மாசம். அமாவாசைக்கு ஆற்றில் விட எடுத்து வைத்ததாம். "கெழிஞ்சது இல்லை, உடுத்துற மாதிரி ஆளுக்குக் குடுங்க" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், துணியை விடச் சொல்லிச் சாஸ்திரம் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். படித்துறையில் தர்ப்பணம் செய்து வைக்கிற ஒருவர் எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து வந்துகொண்டிருந்தார். அவர்தான் பதில் சொன்னார்: "விடணும்னா கரையில விடுங்க. ஆத்துக்குள்ள விடச் சொல்லி நாங்க யாரும் சொல்லல." பெரியவர் அரை மனதாகத்தான் போனார். நல்ல துணிகளைப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தோம். கிழிந்தவை அக்காமார் கையில் பைகளாகிக்கொண்டிருக்கின்றன.

தெருநாய்கள் விஷயத்தில் அண்ணாச்சி முன்கூட்டியே எச்சரித்து ஒரு கம்பு கொடுத்திருந்தார். தேவைப்பட்டது. மனுஷ வாசத்தோடு வருகிற நீர்நாயை விக்கிரமசிங்கபுரத்து நாய்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி குறைகள். முதல் குறை, பெண்களுக்குத் தைத்த உடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. பெண் வேஷம் நிறைய இருக்கிறது. எல்லாம் ஆண்கள் போட்டுக்கொள்ளத் தைத்தது. தோள் அகலம், கை நீளம், ரவிக்கையெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது. காலேஜ் பெண் ஒருத்தி ராணி உடுப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த ராணி கபடி வெளையாடுவாளா?" என்று கேட்டாள். தசராவில் இப்போது பெண்களும் வேஷம் போடுகிறார்கள், அண்ணாச்சி கத்தரியைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் நகர்த்தலாம்.

இரண்டாவது, ஜிகினா. இதுதான் எனக்குப் பெரிய குறை. கடையில் எதைத் தொட்டாலும் சம்கியும் ஜிகினாத் தூளும் உதிர்கின்றன. முடியெல்லாம் நைலான். ஆற்றில் பாலியஸ்டர் போடாதே என்று சொல்லப் போகிறவர்கள் ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் தூளைத் தூவிக்கொண்டு நடப்பதா? ஆறு வேஷத்துக்கு வாங்கிய முடியில் ஒட்டியிருந்த சம்கியை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தோம். தங்கூஸ் மீசையில் ஒன்று அன்றைக்கே கழன்று விழுந்தது, தேடி எடுத்தாயிற்று. நீர்நாய்க்கு மீசையாக வைக்கிற அதே நரம்பு ஆற்றில் கிடந்தால் நீர்நாயின் கழுத்தைத்தான் சுற்றும். சணல், பனை நார், காகிதக்கூழ் என்று ஒரு தனி அலமாரி வைத்தால் என்னைப் போன்றவர்கள் வாடகை கொஞ்சம் கூடக் கொடுத்தும் எடுப்போம். சொன்னேன். "மின்னாம இருந்தா அது என்ன வேஷம்?" என்றார். விவாதம் தொடர்கிறது.

மூன்றாவது, மேக்கப்காரர். கடை வழியாகச் சொல்லி விட்டால் ஆள் வருவார், ஆனால் ஆறு மணி என்றால் எட்டு மணி. கை சுத்தம், வேலை சுத்தம். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுத்தான் முத்துவெள்ளை போடுகிறார், கலைக்கவும் எண்ணெய் கொடுத்துவிட்டுப் போகிறார். சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதாக இருந்தால் முந்தின நாளே முழங்கையில் தடவிப் பார்த்துவிடுங்கள்.

வாடகை எங்களுக்கு ஆனது: நீர்நாய்க்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய், மாற்றித் தைத்ததற்கு 350, நீளமுடிக்கு 200. முன்பணம் 3,000, உடுப்பைத் திருப்பிக் கொடுத்த அன்றே எண்ணிக் கொடுத்துவிட்டார். கேரளாவிலிருந்து வந்தவர்களுக்கு வேறு விலை சொன்னதையும் கேட்டேன். ரசீது தர மாட்டார். உங்கள் குழுவில் கணக்கு எழுதுகிற ஆள் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

உடுப்பைத் திருப்பப் போன அன்றைக்கு இன்னொரு படத்தையும் காட்டினேன். 1999 நவம்பர் கடைசியில் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தபோது 200-க்கும் மேற்பட்டோர் அட்டையில் செய்த ஆமையோட்டை முதுகில் கட்டிக்கொண்டு கடலாமைகளாகத் தெருவில் இறங்கினார்கள். இறால் வலையில் ஆமை தப்பிக்கிற வழி வைக்காத நாடுகளிடம் இறால் வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா போட்ட சட்டம், அந்த அமைப்பில் வழக்காகித் தோற்றிருந்தது. வழக்குப் போட்டவை நாலு நாடு: மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து, பிறகு நாம். ஆமைகளுக்குப் பக்கத்தில் லாரி டிரைவர் சங்கத்துக்காரர்கள் நடந்தார்கள். அதுவரை ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டம். அட்டை ஓடு மாட்டிய ஆளிடம் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு நிற்க முடியும்?

அண்ணாச்சி வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரைக்காரர், பங்குனி ஆமை கரையில் செத்து ஒதுங்குவதை எத்தனையோ தடவை பார்த்தவர். படத்தைப் பெரிதாக்கி ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அட்டை மழைக்கு ஊறிரும். பனை ஓலையில முடையணும், உள்ள ஈர்க்குக் குடுத்து. உக்காரவும் முடியணும்லா" என்றார். அது மின்னாதே அண்ணாச்சி என்றேன். "ஆமை எதுக்கு மின்னணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எடுக்க நினைப்பவர்களுக்கு: ஆவணி பிறந்துவிட்டால் அவர் போனை எடுக்க மாட்டார், தசரா முடிந்த பிறகும் உடுப்பெல்லாம் துவைத்துக் காய இரண்டு மூன்று வாரம் ஆகும். தை, மாசியில் பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள், எமனுக்கும் அப்போதுதான் சீசன். பங்குனியிலிருந்து ஆடி வரை போனால் உட்கார்ந்து பேசுவார், வேண்டியபடி மாற்றித் தைத்தும் கொடுப்பார். திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஓலை ஆமைக்கு நாங்கள் 500 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறோம், பங்குனிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ரசீது இல்லை.